கைக்கேற்ற அயர்ன்

பத்தொன்பது வருடத் தொழிலில் ஒரு தடவைகூட மாட்டாத தன்னைப் பார்த்து, சொந்த மச்சினனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான் என்று கைராசி எதிர்பார்க்கவில்லை.

கைராசி என்ற பட்டப்பெயரே கிண்டல்தான். கோல்ஃப் கிளப்புகளில் உடை மாற்றும் அறைக்குள் நுழைந்து, ஆட்டக்காரர்கள் விட்டுப்போகும் மட்டைப் பைகளைக் கிளப்பிக்கொண்டு வருவது அவன் தொழில். வாங்கி விற்பவன் மச்சினன். உள்ளே நுழைவதிலும் வெளியே வருவதிலும் கைராசி கில்லாடி. நடுவில் பையைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் கோட்டை விட்டுவிடுவான்.

"மாமா, பக்கத்துலயே தங்கமாட்டம் ஒரு செட் இருந்திருக்கும். அதை விட்டுட்டு, நேத்து பழக ஆரம்பிச்சவனோடதா பாத்துப் பாத்து எடுத்துட்டு வர்றீங்க. இது தோட்டத்துல கொடி படரத்தான் ஆகும்."

"அவர் எதைத் தேர்ந்தெடுத்தாலும் இப்படித்தான்" என்றாள் மனைவி உள்ளேயிருந்து. கொஞ்சம் யோசித்து, "என்னைத் தவிர" என்று சேர்த்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய பந்தயம். தேர்ந்த ஆட்டக்காரர்கள் அத்தனை பேருடைய பையும் ஒரே அறையில் இருக்கும். தூக்கிக்கொண்டு ஓட முடிவதோ ஒரே ஒரு பை. இந்தத் தடவையும் சொதப்பினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மச்சினன் கறாராகச் சொல்லிவிட்டான்.

ஆகவே வியாழக்கிழமை காலை, ஏதோ ஒரு கிளப்பில் சுட்ட தொப்பியை மாட்டிக்கொண்டு, கோல்ஃப் சாமான் கடைக்குள் ஆட்டக்காரனாக நுழைந்தான்.

வாசலிலேயே நின்று ஒரு நோட்டம் விட்டான். போலீஸ் என்றால் நூறடி தள்ளியே மோப்பம் பிடித்துவிடுவான். அந்த ஒரு விஷயத்தில் அவனுக்குக் கர்வம் உண்டு. உள்ளே ஆபத்தான முகம் எதுவும் இல்லை. முடியை ஒட்ட வெட்டிய விற்பனையாளர் ஒருவர் மட்டும் சிரித்தபடி வந்தார்.

"அயர்ன் செட் பாக்கணும். இருக்கறதுலயே உசத்தி."

"உசத்தி, மட்டம்னு இல்ல சார். கைக்குத் தக்கபடிதான்." விற்பனையாளர் இரும்புத் தலை வைத்த இரண்டு அயர்ன் மட்டைகளை மேசைமேல் வைத்தார். "இது பழகறவங்களுக்கு. தலை பெருசு, அடிப்பக்கம் அகலம், பின்னாடி குழி. கொஞ்சம் தப்பாப் பட்டாலும் பந்து ஓரளவு நேராப் போயிடும். இன்னொண்ணு பல வருஷம் ஆடினவங்களுக்கு. கத்தியாட்டம் மெல்லிசு. துளி பிசகினாலும் காட்டிக்குடுத்துடும். விலையும் அதுக்குத்தான் ஜாஸ்தி."

கைராசிக்குக் காதில் புகை வராத குறை. பெரிதாக, பளபளவென்று, கைக்கு நிறைவாக இருப்பதுதான் விலை கூடியது என்று, பூசணிக்காய் வாங்குகிறவனைப் போல அல்லவா இத்தனை வருடமும் பொறுக்கியிருக்கிறான். ஒல்லியாக, மங்கலாகக் கிடந்ததையெல்லாம், 'பாவம், இல்லாதப்பட்டவன் ஆடுகிறான்' என்று இரக்கப்பட்டு விட்டுவிட்டு வந்திருக்கிறான்.

"ஒரு பந்து அடிச்சுக் காட்டுங்க சார். உங்க கை எந்தத் தரம்னு தெரிஞ்சுடும்."

மூலையில் வலை கட்டியிருந்தது. கைராசி பழக்கதோஷத்தில் பாக்கெட்டிலிருந்து கையுறைகளை எடுத்து இரண்டு கையிலும் மாட்டினான்.

"எல்லாரும் ஒரு கையிலதான் போடுவாங்க" என்றார் விற்பனையாளர்.

"ஒண்ணுக்கு மட்டும் போட்டா இன்னொண்ணு கோவிச்சுக்கும் சார்."

முதல் வீச்சில் பந்து அசையவில்லை. இரண்டாவதில் தரைவிரிப்பு புரண்டது. மூன்றாவதில் பந்து பக்கவாட்டில் பறந்து, அடுக்கியிருந்த குடைகளைச் சாய்த்தது.

"உங்களுக்குப் பெரிய தலையே இருக்கட்டும் சார்" என்றார் விற்பனையாளர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். பிறகு சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார். "ரெண்டு விவரம் குறிச்சுக்கறேன். எத்தனை வருஷமா அடிக்கறீங்க?"

கைராசி வீட்டில் 'அடிப்பது' என்றால் திருடுவது மட்டும்தான். வாசல் எத்தனை எட்டு என்று கண்ணால் அளந்துவிட்டான். அதற்குள் அவர் இடது கையிலிருந்த மட்டை கண்ணில் பட்டது. அட, பந்து அடிப்பதைக் கேட்கிறார். கோல்ஃப் கடையில் வேறு எதைக் கேட்பார்கள்? இந்த மூளையை வைத்துக்கொண்டு இத்தனை நாள் மாட்டாமல் இருந்ததே பெரிய விஷயம் என்று தனக்குள் சிரித்துக்கொண்டான்.

"பத்தொன்பது வருஷமா" என்றான் நெஞ்சை நிமிர்த்தி.

"எங்கெங்க சார்?"

பொய் சொல்வதானால் இடமும் தேதியும் மட்டும் உண்மையாக இருக்கவேண்டும் என்பது அவன் கொள்கை. "மலையடிவாரத்து கிளப், ரயில்வே கேட் பக்கத்து கிளப், அப்புறம் ஏரிக்கரை கிளப்."

"ஏரிக்கரையில கடைசியா எப்ப அடிச்சீங்க?"

"போன மாசம் பன்னெண்டாம் தேதி. மத்தியானம்."

"கூட யாராச்சும்?"

"நான் எப்பவும் தனிதான். ஆள் சேந்தா கவனம் சிதறிடும்."

விற்பனையாளர் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார். மரியாதை தெரிந்த மனிதர் என்று கைராசி நினைத்தான்.

"அன்னிக்கு எத்தனை அடிச்சீங்க?"

முழு ஆட்டம் என்றால் பதினெட்டு குழி. அந்த அளவுக்கு அவனுக்கும் கோல்ஃப் தெரியும்.

"பதினெட்டு" என்றான், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

விற்பனையாளர் நெற்றியைச் சுருக்கினார். நோட்டில் இரண்டு பக்கம் பின்னால் புரட்டி, ஒரு வரியில் விரலை வைத்தார்.

"கிளப்காரங்க எங்க ஸ்டேஷன்ல குடுத்த புகார்ல, பையில பதினாறு மட்டைன்னுதானே சார் இருக்கு?"