உறவு: சித்தி

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் திரையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். மறுபடியும் திரை.

அவன் கைப்பைக்குள் கையை விட்டபடி நின்றான். விரல்களுக்கு இடையில் ஊர் டாக்டர் எழுதிக் கொடுத்த இறப்புச் சான்று. தங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பியதை, வரும் வழியில் ஒரு கடையில் அச்செடுத்திருந்தான்.

நேற்று மாலை அம்மா போய்விட்டாள்.

ஊரில் ஐஸ் பெட்டி வந்துவிட்டது. ஒரே மகன் வந்துதான் கொள்ளி வைக்க வேண்டும் என்று தாய்மாமன் சொல்லிவிட்டார். நாளை மாலை வரை வைத்திருப்பார்கள்.

பாஸ்போர்ட் இந்த அலுவலகத்தில் கிடக்கிறது. குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்துப் பதினான்கு மாதம் ஆகிறது. இந்தத் தாள் குறைகிறது, அந்தத் தாள் பழசு, அடுத்த மாதம் வாருங்கள். அவன் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லிவிட்டுத்தான் வெளியே போவான். அந்த நன்றியையெல்லாம் இவர்கள் எந்த அலமாரியில் வைத்திருக்கிறார்களோ தெரியவில்லை.

நடுவில் ஊருக்குப் போய்வர ஒரே வழிதான். அவசரப் பயண அனுமதி. அதற்குப் பெற்றவர், கட்டியவர், பிள்ளை இவர்களில் யாராவது செத்திருக்க வேண்டும்.

பட்டியலைச் சுவரிலேயே ஒட்டியிருந்தார்கள்.

அதற்குக் கீழே இன்னொரு தாள். பொய்த் தகவல் தந்தால் குடியிருப்பு உரிமை ரத்து.

இறந்தது யார் என்று அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டிருந்தாள். அம்மா என்று சொல்லியிருந்தான்.

இப்போது திரையை அவன் பக்கம் கொஞ்சம் திருப்பினாள். உங்கள் அம்மா நான்கு வருடம் முன்பே இறந்துவிட்டதாக இதில் இருக்கிறதே என்றாள். கேலியாகக் கேட்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

நான்கு வருடம் முன்பு தங்கை கல்யாணம். அப்போதும் பாஸ்போர்ட் இவர்களிடம்தான். கல்யாணத்துக்கெல்லாம் அனுமதி கிடையாது என்றார்கள். அப்பா இல்லாத வீடு. தாரை வார்த்துக் கொடுக்க அவன்தான் வேண்டும்.

லீவுக்குத் தாத்தாவைக் கொன்று பழகிய ஊர்க்காரன்தானே. ஆனால் தாத்தா பட்டியலில் இல்லை. அப்பா இறந்ததை முதல் விண்ணப்பத்திலேயே எழுதியாயிற்று. மனைவியும் கைக்குழந்தையும் இதே நாட்டில் அவனோடு இருந்தார்கள். கொல்வதற்கு அம்மா மட்டும்தான் மிச்சம்.

அன்றைக்கு இந்த இடத்தில் இருந்த பெரியவர் தாள் எதுவும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு அடியில் கையை நீட்டி அவன் கையைத் தொட்டார். பத்து நிமிடத்தில் முத்திரை குத்தினார்.

கல்யாண மண்டபத்தில் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னான். அவள் பட்டுப்புடவையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"செத்ததாச் சேதி போனா ஆயுசு கூடும்டா. நல்ல காரியந்தான் பண்ணிருக்க."

கூடியது. நான்கு வருடம்.

உண்மையைச் சொல்லிவிடலாம். அன்று சொன்னது பொய், இன்று சொல்வதுதான் நிஜம். சொன்னால் அவன் அட்டை போகும். அதை நம்பியிருக்கிற மனைவியின் அட்டை போகும், மகளின் அட்டை போகும். மகளுக்குப் போன வாரம்தான் பள்ளியில் இடம் கிடைத்தது.

பையை விட்டுக் கையை எடுக்காமலே சான்றிதழை மடித்தான். இரண்டாக. நான்காக.

சித்தி என்றான். அம்மாவின் தங்கை. அம்மா போன பிறகு அவர்தான் எல்லாம். அதனால் அம்மா என்றே வாயில் வந்துவிட்டது.

அவனுக்குச் சித்தியே கிடையாது.

அவள் முகம் தெளிந்தது. தன்னையும் ஒரு சித்திதான் வளர்த்தாள் என்றாள். பட்டியலில் சித்தி இல்லைதான், ஆனாலும் கேட்டுப் பார்க்கிறேன் என்று எழுந்து உள்ளே போனாள். அந்த ஏழு நிமிடமும் அவன் நம்பினான். வெட்கம் கெட்ட நம்பிக்கை.

திரும்பி வந்து தலையசைத்தாள். மறுப்புச் சீட்டை நீட்டி நிரப்பச் சொன்னாள்.

உறவு என்ற கட்டத்தில் சித்தி என்று அவர்கள் மொழியில் எழுதினான்.

இறந்தவர் பெயர் என்ற கட்டத்தில் கை நின்றது. அம்மாவின் பெயர் திரையில் இருக்கிறது. அதை எழுத முடியாது. வேறு பெயர் எதுவும் வரவில்லை. வந்த ஒன்றை எழுதினான்.

பூங்கோதை.

கையெழுத்துப் போட்டான். அவள் ஆழ்ந்த அனுதாபம் சொன்னாள். அவன் நன்றி சொன்னான்.

வாசல்படி இறங்கும்போது போன் அடித்தது. பூங்கோதை. எத்தனை மணிக்கு விமானம் என்று தங்கை கேட்டாள்.

போக விடவில்லை என்றான். பெரியப்பா மகனை வைத்துச் செய்துவிடச் சொன்னான். இன்றைக்கே எடுத்துவிடச் சொன்னான்.

அந்தப் பக்கம் ஒப்பாரி கேட்டது.

"அம்மா செத்துப்போச்சுன்னு அவங்ககிட்ட சொன்னியாண்ணே?"

சொன்னேன் என்றான்.