செங்கமலம் கேட்ட பாட்டு

தலைவர் படம் ஒட்டிய இலவசக் காதுக்கருவியை மாட்டியதும், பத்து வருடமாகக் காது கேட்காதிருந்த செங்கமலத்துக்குப் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்கூடக் கேட்டது.

தலைவரைத் திட்டிப் பாடி இரண்டு முறை ஜெயிலுக்குப் போன கணவன் மாசிலாமணி, அவள் ஒருமுறைகூடக் கேட்டிராத அந்தப் பாட்டை, மேசையில் தாளம் தட்டிப் பாடினான்.

அவளுக்குத் தாளம் மட்டும்தான் கேட்டது.

“ஏன்யா வாய மட்டும் அசைக்கிற? செவிடுன்னு கேலி பண்றியா?”

கழுத்து நரம்பு புடைக்க மறுபடியும் பாடினான். அவள் கண் கலங்கிவிட்டது.

அவள் காதோரம் சிரித்துக்கொண்டிருந்த தலைவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான் மாசிலாமணி. பிறகு அதே மெட்டில், திட்டுகிற இடத்திலெல்லாம் வாழ்த்து வைத்துப் பாடினான்.

“இப்ப கேக்குதுய்யா!”

கடைசி வரிவரை கேட்டவள், புரியாமல் அவனைப் பார்த்தாள்.

“இப்படிப் புகழ்ந்து பாடினதுக்கா உன்ன ஜெயில்ல போட்டாங்க?”