வெறும் வயிற்று மனு

சின்ன வெங்காயத்தில் தாளையும் வேரையும் அறுத்து அறுத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள் பாக்யலட்சுமி. எதிரில் மகள் பூங்குழலி, அவள் கையிலும் ஒரு கத்தி.

எட்டாவதோடு ஊர்ப் பள்ளிக்கூடம் முடிந்தது. ஒன்பதாவதுக்குப் பெரம்பலூர் போகணும். பஸ் கிடையாது. பள்ளியில் சேர இன்றுதான் கடைசி நாள்.

பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"பஸ்ஸு இன்னையிலேருந்து வருதாம்டி. ஊரே ரோட்டுல நிக்குது. கெழடுங்க சாதிச்சிடுச்சுங்க."

"வரட்டும்க்கா. ஆஸ்பத்திரி போறவங்களுக்குத்தானே? பத்து மணிக்கு வரும். பள்ளிக்கூடம் ஒம்பதுக்கு."

போன வருஷம் பஸ் கேட்டு மனு எழுதும்போது பாக்யலட்சுமி, மூத்தோர் சங்கத் தலைவி சம்பூர்ணத்திடம் கூச்சத்தோடு கேட்டிருந்தாள், "மனுவுல புள்ளைங்களுக்கும் ஒரு வரி சேத்துக்குங்க அத்தை."

சத்துணவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சம்பூர்ணம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இது வயசானவங்க சங்கம். சின்னஞ்சிறுசுங்க கதையெல்லாம் இங்க வேணாம்."

அன்றைக்கு விட்ட பேச்சுதான்.

ஹாரன் கேட்டது. மணி ஏழரை.

பாக்யலட்சுமி கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள். பஸ்ஸுக்கு மாலை. சங்கத்துப் பெரியவர்கள் பதினெட்டுப் பேரும் அதைச் சுற்றி நின்றார்கள்.

"இவ்வளவு காலையிலயா?"

"சுகர் டெஸ்டுக்கு வெறும் வயித்துல போகணும்ல தாயி" என்றார் அரியமுத்து தாத்தா. "மனுவுல அப்படித்தான் எழுதுனோம்."

அவள் வாழ்நாளில் முதல் தடவையாகத் தெருவில் நின்று கத்தினாள். "குழலி, டிசிய எடுத்துக்கிட்டு ஓடியாடி!"

பூங்குழலி ஓடி வந்து ஏறினாள். பின்னாலேயே இன்னும் நாலு பிள்ளைகள்.

"பெரியவங்க ஏறுங்க, லேப்புல கூட்டம் சேந்துடும்" என்றார் கண்டக்டர்.

ஒருத்தரும் நகரவில்லை. சம்பூர்ணம் தூக்குவாளியைத் திறந்து, ஒரு பிடி கேசரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

பாக்யலட்சுமி பதறிப்போனாள். "அத்தை, வெறும் வயித்துல போகணுமே..."

"மெதுவா பேசுடி. புள்ளைங்களுக்குன்னு ரெண்டு மனு போட்டுப் பாத்துட்டேன், பதிலே இல்ல. அன்னிக்கு உங்கிட்ட உண்மையச் சொல்லியிருந்தா நாலு காதுக்குப் போயிருக்கும்." இன்னொரு பிடி கேசரி உள்ளே போனது. "எங்க சங்கத்துல யாருக்குடி சுகர் இருக்கு?"

பாக்யலட்சுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை, நான் உங்களப் போயி..."

ஜன்னல் வழியாகப் பூங்குழலி கத்தினாள், "யம்மா, பஸ்ஸு கெளம்புது, ஏறு!"