கொலைக்கு முந்தைய நாலு நொடி

கொலையை ஏழு பேர் பார்த்தார்கள்.

ஒருத்தி கொட்டாவி விட்டாள்.

படத்தை எடுத்த கல்லூரி மாணவி, தன் கைபேசியை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள். மடிக்கணினியில் கொலை நடந்துகொண்டிருந்தது. கைபேசி, பார்ப்பவர்களின் முகங்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

பதினொன்றாம் வகுப்பு முகங்கள். ஞாயிற்றுக்கிழமை டியூஷன் முடிந்தபின், ஆளுக்கொரு முட்டை பப்ஸ் உண்டு என்றதும் மாடியிலேயே தங்கிவிட்டவர்கள்.

துறைத்தலைவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் திகில் படம் எடுக்கப் போகிறாயா, முதலில் ஒரு மாதிரிக் காட்சியைப் போட்டுக்காட்டி, அவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு வா. பயந்த முகத்தைக் காட்டு, கல்லூரிக் காமிராவை எடுத்துக்கொண்டு போ.

காமிரா இல்லாவிட்டால் படம் இல்லை. படம் இல்லாவிட்டால் பட்டம் இல்லை.

திரையில் கத்தி மேலே போனது.

பிள்ளைகள் பப்ஸ் தின்றார்கள்.

"ஏனுங்க்கா," என்றான் தர்னீஷ். "இது நம்ம பெருந்துறை பஸ்ஸு கண்டக்டர் மாமாதானுங்க?"

"அட ஆமாண்டா! பேக்க வாங்கி சீட்டுல வெச்சுக் குடுப்பாரே, அவரு." மிர்துளாவுக்கு ஆச்சரியம். "அக்கா, அவரு போயி கொல பண்ணுவாருங்களா?"

கொலைகாரன், படம் எடுத்தவளின் அப்பா. சம்பளம் கேட்காத நடிகர் ஊரில் அவர் ஒருவர்தான்.

அவர் சும்மா வந்து நடித்துவிடவில்லை. வேடம் கிடைத்த நாளிலிருந்து முறைத்துப் பழகினார். வீட்டில் பழகினால் அம்மா சிரிக்கிறாள் என்று பேருந்தில் பழகினார். படிக்கட்டில் தொங்கியவர்கள் உள்ளே வந்தார்கள். உள்ளே நின்றவர்கள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டார்கள். ஓட்டுநர் கண்ணாடியை வேறு பக்கம் திருப்பிவைத்தார். எதிரே வந்த லாரி ஒன்று, வந்த வழியே, பின்னோக்கியே பெருந்துறை வரைக்கும் போனது. லாரிக்கு மட்டும்தான் சாட்சி இல்லை.

பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் மட்டும் அந்த முறைப்பு செல்லவில்லை. மாமா கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று ஊதிவிட வந்தார்கள்.

இப்போது அவர் கீழே, படியில் உட்கார்ந்திருந்தார். தன்னை நேரில் பார்த்தால் பிள்ளைகள் மிரண்டுவிடுவார்கள் என்று அவராகவே இறங்கிப் போயிருந்தார்.

திரை இருண்டது.

கைதட்டினார்கள். ஆண்டு விழாவில் தாளாளர் பேசி முடித்ததும் தட்டுவார்களே, அந்தக் கைதட்டல்.

"எப்படி இருந்துச்சு?"

"சூப்பருங்க்கா. கொஞ்சம் லேக்கு, இழுக்குதுங்க."

"வேற எதுக்குத்தான்டா பயப்படுவீங்க? பேயி?"

இல்லை.

"பாம்பு?"

இல்லை.

"பரீட்சை?"

மிர்துளா நியாயமாக யோசித்தாள். "அதுக்கு எங்கம்மாதானுங்க பயப்படுவாங்க."

கையைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்து, கைபேசியில் பிடித்ததை ஓடவிட்டாள். ஒரு மூலையில், ஒரு முகத்திலாவது, சின்னதாக ஒரு பயம் இருந்துவிடாதா.

கொட்டாவி. பப்ஸ். தர்னீஷ் கண்டக்டரைக் கண்டுபிடிக்கிறான். சிரிப்பு.

கத்தி வருவதற்கும் முன்னால் போனாள்.

நிறுத்தினாள்.

மறுபடி ஓடவிட்டாள்.

தர்னீஷின் வாய் மெல்லுவதை விட்டிருந்தது. மிர்துளாவின் கை துப்பட்டாவுக்கு அடியில் போய், அங்கே எதையோ அழுத்திப் பிடித்தது. மற்றவர்களின் கைகளும் ஒவ்வொன்றாகப் பைக்குள் போயின. யாரும் மூச்சுவிட்டதாகத் தெரியவில்லை.

நாலு நொடி.

பிறகு கத்தி வந்தது. எல்லோரும் நிம்மதியாக மெல்லத் தொடங்கினார்கள்.

மடிக்கணினியில் அந்த நாலு நொடியைத் தேடினாள். கிடைத்தது. வெட்டி எறிய வேண்டும் என்று அவள் நினைத்து, மறந்துபோன துண்டு. 'உன் கதை முடிந்தது' என்பதுதான் எழுதிய வசனம். அப்பாவுக்கு அது நினைவுக்கு வரவில்லை. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். கதவைத் திறந்த பெண்ணிடம், சிரித்த முகமாக, கையை நீட்டி:

"போனக் குடு கண்ணு, பாக்கலாம்."

அவ்வளவுதான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கத்தி வேண்டாம். முறைப்பு வேண்டாம். மழை, இருட்டு, பின்னணியில் நாய் ஊளையிடுவது, ஒன்றும் வேண்டாம். காமிரா கிடைத்துவிட்டது.

படியில் செருப்புச் சத்தம். பொறுக்க முடியாமல் அப்பா ஏறி வந்துவிட்டார்.

"பயந்தாங்களா சாமி?"

"நல்லா பயந்துட்டாங்கப்பா. ஏழு பேரும்."

அவர் முகம் மலர்ந்தது. ஒரு கொலைகாரனுக்கு அவ்வளவு மலர்ச்சி ஆகாது.

"கத்திய ஓங்குறப்பதான? எனக்கு அப்பவே தெரியும்." சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, துடைத்து, மாட்டிக்கொண்டார். "எங்க, அந்தப் புள்ளைங்க மொகத்த நானும் பாக்கறேன்."

கையை நீட்டினார்.

கைபேசியில் அந்த ஏழு முகங்கள் இருந்தன. அவர் கேட்பது அதைத்தான். அவள் கைபேசியை அவர் இதுவரை தொட்டதுகூட இல்லை.

"ஒரு நிமிஷம் இருங்கப்பா," என்றாள்.

ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். கட்டைவிரல் எதையெதையோ அழித்தபடி வேகமாக ஓடியது.

அப்பா, நீட்டிய கையுடன், சிரித்தபடியே நின்றார்.