குளிர் வெளியே போயிடும்

நடுப்பகல் வெயில் சமையலறைச் சுவரைச் சுடவைக்கிறது. கரண்டு பில்லைப் பார்த்துவிட்டு, ‘யானையைக் கட்டித் தீனி போட முடியாது’ என்று போன மாதம் அவளேதான் ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினாள். அதை வாங்கிய கடனுக்குத் தவணை மட்டும் இன்னும் கட்ட வேண்டியிருக்கிறது. உள்ளே இப்போது வெங்காயமும் மடித்த துணிகளும். வேர்த்துக் கொட்ட வேலையிலிருந்து வந்த கணவர், பழக்கதோஷத்தில் கதவைத் திறந்து முகத்தை உள்ளே நீட்டுகிறார். விளக்கு எரியவில்லை, வெங்காய வாடைதான் அடிக்கிறது. “அட, மறந்தே போச்சு” என்கிறார். ஆனாலும் முகத்தை எடுக்கவில்லை. அவள் குனிந்து, களைந்த அரிசியையே மறுபடி களைகிறாள். தரையில் படம் வரையும் சின்ன மகள், அம்மா முன்பெல்லாம் அதட்டும் அதே குரலில், நிமிராமலே சொல்கிறாள்: “சீக்கிரம் மூடுப்பா, குளிரெல்லாம் வெளிய போயிடும்.” அவர் சத்தமில்லாமல், அழுத்தி மூடுகிறார்.