நம்புற மாதிரி இல்ல

"நம்புற மாதிரியே இல்லக்கா. இதைப் போய் சிபாரிசு பண்றீங்களே!"

பொரிந்து தள்ளியவள் மூன்றாம் மாடிப் பெண். பல்கலைக்கழகத்தில் படிப்பது என்னவோ வரலாறுதான். குடியிருப்பில் அவளுக்கு வைத்த பெயர் 'வக்கீலம்மா'.

மாதம் ஒருமுறை சங்க அறையில் வாசகர் வட்டம் கூடும். சிபாரிசு செய்பவர் தனக்குப் பிடித்த நாவலிலிருந்து ஒரு பக்கம் வாசித்துக் காட்ட வேண்டும். அப்புறம் கை தூக்கி ஓட்டு. ஜெயித்த நாவலை எல்லாரும் படிப்பார்கள்.

இன்று வாசித்தது வக்கீலம்மாவின் கீழ்வீட்டு அக்கா. இத்தனை நாளும் மூலையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகிறவர். கையில் பழுப்புத் தாளில் அட்டை போட்ட பழைய புத்தகம்.

வாசித்த பக்கத்தில் ஒரு மனைவி. இருட்டினால் புருஷன் கதவைத் தாழ் போடுவான். அவள் அலறல் கூடக் கூட, மேல்வீட்டில் டிவி சத்தமும் கூடும். அவ்வளவுதான்.

"மேல இருக்கிறது மனுஷங்களா, மரக்கட்டையா? ஒருத்தர்கூட என்ன ஏதுன்னு கேக்கமாட்டாங்களா? எழுதினவருக்கு அக்கம்பக்கத்து மேல அப்படி என்ன காண்டு?" என்றாள் வக்கீலம்மா.

"அதானே!" வட்டத்தின் செயலாளரான பல் டாக்டர் ஒத்து ஊதினார். "அவளும்தான் ஏன் அங்கேயே கிடக்கணும்? பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்ப வேண்டியதுதானே?"

"குழந்தையை அவன் விடமாட்டான்," என்றார் அக்கா.

"அது நீங்க படிச்சதுல வரலையே!"

"அடுத்த பக்கத்துல இருக்கு."

அக்கா வக்கீலம்மா பக்கம் திரும்பினார். "ஏம்மா, அவ ஒருநாள் மாடியேறிப் போய்த் தட்டினா, திறப்பாங்களா?"

"நானா இருந்தா அவ தட்டுற வரைக்கும் உக்காந்திருப்பேனா? இறங்கிப் போய் அவன் சட்டையைப் பிடிச்சிருப்பேன். அதனாலதான் சொல்றேன், இது சுத்தப் புளுகு."

"இதையே எடுத்துக்கலாமே. அவளுக்கு என்ன ஆகும்னு எல்லாரும் சேர்ந்து..." அக்கா புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "இந்த ஒரு மாசம் மட்டும்."

"இந்தக் கெஞ்சு கெஞ்சுறீங்க! எழுதினது உங்க சொந்தக்காரங்களா?"

டாக்டர் கேட்டதும் அறையே சிரித்தது.

ஓட்டு நடந்தது. அந்த நாவலுக்கு ஒரே ஒரு கை. அதுவும் தோளுக்கு மேல் ஏறவில்லை.

அக்காவின் செல்போன் அடித்தது. திரையைப் பார்த்தவர் அடித்துப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார். புத்தகம் நாற்காலியிலேயே கிடந்தது.

வக்கீலம்மா விடுவாளா? "அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து குரூப்ல போடறேன், டாக்டர். இப்படியும் எழுதுறாங்கன்னு நாலு பேர் பார்க்கட்டும்!"

புரட்டினாள். நடுவில் தேடினாள். கடைசி வரை போய், மறுபடி முதலிலிருந்து வந்தாள். விரல்கள் மெதுவாயின.

"என்ன, கிடைச்சுதா?" என்றார் டாக்டர்.

அவள் பழுப்புத் தாளைப் பிரித்து அட்டையைப் பார்த்தாள்.

அது ஒரு கடல் கதை. கப்பல், புயல், மாலுமிகள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, அதில் ஒரு பெண்கூட இல்லை.