ஸ்பிரிட் காய்ந்த இடம்

"கை தவறிடுச்சாம்! வேணும்னேதான் ஊத்தினேன்னு சொல்லேன், யாமினா!"

கவ்தர் போட்ட சத்தத்தில் காசாபிளாங்காவின் தர்ப் கலெஃப் சந்தையே பேரத்தை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தது. தகரக் கூரைக்குக் கீழே இதைவிட நல்ல பொழுதுபோக்கு ஏது? பழைய போன் விற்கிறவர்கள் கழுத்தை நீட்டினார்கள். லேப்டாப் பழுதுபார்க்கும் சுஹைர் மட்டும் தேநீரில் நனைந்த அவளுடைய லேப்டாப்பின் திருகைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"ஆமா, நான்தான் தட்டிவிட்டேன். தேநீர்தானே, விஷமா?" என்றாள் யாமினா.

சித்தி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சந்தை எதிர்பார்க்கும் முகம் அவளுக்கு. நாக்கும் அப்படியே. அவள் போடும் தேநீர் மட்டும் பாகு. ஈ உட்கார்ந்தால் எழுந்திருக்காது என்று தெருவே சிரிக்கும்.

"நான் லியோன் போயிடக் கூடாது. அவ்வளவுதானே உனக்கு?"

"போயிட்டா எனக்குப் பாத்திரம் தேய்க்க ஆள் ஏது?"

கவ்தர் அழுதுவிட்டாள். பிரான்ஸில், லியோனில் இருக்கும் கட்டடக்கலைக் கல்லூரிக்கு நாளைக்குள் அனுப்ப வேண்டிய வரைபடங்கள் அத்தனையும் அந்த லேப்டாப்பில்.

"நகல் எடுத்து வைக்கலையா?" என்றான் சுஹைர்.

"வச்சிருந்தா உன் மூஞ்சில ஏன் முழிக்கிறேன்?"

"இந்த மாடல்ல எல்லாமே மதர்போர்டுப் பலகையோட ஒட்டிக் கிடக்கும். பலகை பிழைச்சாத்தான் படம்."

அப்பா மிலூத் முக்காலியில் கண் கலங்க உட்கார்ந்திருந்தார். கடைக்கு வந்த தேநீரை, "எனக்கு ஆகாது" என்று தள்ளிவிட்டார். பெற்ற மனசு, தொண்டையில் இறங்குமா என்று எதிர்க்கடைக்காரர் உச்சுக்கொட்டினார்.

"சரியாகலைன்னா விடு, தம்பி. என் ஈரக்குலை மாதிரி பொண்ணு, இங்கேயே படிக்கட்டும்" என்றார் மிலூத் மெதுவாக.

"கேட்டியா? இது மனுஷன் பேசுற பேச்சு!" என்று கவ்தர் சித்தியிடம் சீறினாள்.

சுஹைர் மீட்டரின் முனைகளைப் பலகையில் வைத்தான். கீச்சென்றது. ஷார்ட். எந்த இடத்தில் என்பதுதான் கேள்வி. அரிசி நொய் அளவில் நூற்றுக்கணக்கான கெப்பாசிட்டர்கள். பலகை முழுக்க ஸ்பிரிட்டைத் தடவி, ஒரே ஒரு வோல்ட்டை உள்ளே விட்டான். ஷார்ட்டான இடம்தான் முதலில் சுடும்; ஈரமும் அங்கேதான் முதலில் காயும்.

சண்டையை மறந்து எல்லோரும் குனிந்தார்கள். ஓரத்தில் ஒரு கெப்பாசிட்டரின் மேல் மட்டும் ஈரம் சட்டென்று வற்றியது.

அதன் ஈயத்தை இளக்கி இடுக்கியால் எடுத்தான். அடியில் தேநீரில் போட்ட புதினா இலைத் துணுக்கு. பூதக்கண்ணாடியில் பார்த்தவனின் புருவம் உயர்ந்தது.

"இனிப்பு பட்டிருந்தா பிசினா இறுகியிருக்கும், சுரண்டியே கை ஓஞ்சுபோகும். இது ஒட்டவே இல்லையே! யாமினாம்மா, கொட்டினது உங்க தேநீர்தானா?"

"பின்னே, ஊரான் வீட்டுதா? கேள்வி கேக்கவா கடை போட்டிருக்கே? வேலையைப் பாரு!"

வழக்கமான அதட்டல்தான். குரல் மட்டும் கொஞ்சம் பிசிறியது. சுஹைர் வேலையைப் பார்த்தான்.

திரை ஒளிர்ந்ததும் கவ்தர் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அவர் விசும்பி விசும்பி அழுதார். ஆனந்தக் கண்ணீர் என்று சந்தை தீர்ப்புச் சொன்னது.

கவ்தர் லியோனுக்குப் போனாள். அங்கேயே ஒரு மருந்துக்கடைக்காரரைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு அப்பாவுக்கு மட்டும் அழைப்பு. வெள்ளிக்கிழமை தவறாமல் போன் பண்ணுவாள்; சித்தி எடுத்தால் வைத்துவிடுவாள். 'தேநீர் கொட்டினவள்' என்றுதான் யாமினாவுக்கு இன்றும் சந்தையில் பெயர்.

பழுதுபார்த்த போனைக் கொடுக்க ஒருநாள் சுஹைர் அவர்கள் வீட்டுக்குப் போனான். யாமினா இரண்டு கெண்டிகளோடு வந்தாள். பெரியதிலிருந்து அவனுக்குப் பாகாக ஊற்றினாள். சின்னதைக் கணவர் பக்கம் நகர்த்தினாள்.

"இவருக்கு மட்டும் தனிக் கெண்டி. கவ்தர் பள்ளிக்கூடம் போற காலத்துலேர்ந்தே சர்க்கரை ஆகாது" என்றாள், சுஹைரின் கண்ணைப் பார்க்காமல். அன்றைக்கு ஒட்டாமல் வந்த புதினாத் துணுக்கு சுஹைருக்கு நினைவு வந்தது. மிலூத் தலையைக் குனிந்துகொண்டார்.